வாய்க்கு ஒரு படலை

யாழ்ப்பாணக் கோட்டையைக் கடந்து பண்ணைக் கடல்வழியே தீவுப்பற்றுக்குச் செல்வோர் முதலில் எதிர்கொள்வது மண்டைதீவு. அதனை அடுத்தது அல்லைப்பிட்டி. மண்டைதீவிலே பேதுருவானவர் பெயரால் ஓர் ஆலயம் உண்டு. நம் முன்னோர் அவரை இராயப்பர் என்றழைத்தனர். அல்லைப்பிட்டி ஆலயம் பிலிப்புநேரியாருக்கு உரியது. ஒருவர் கலிலேயாக் கடலில் வலை வீசியவர். மற்றவர் பதினாறாம் நூற்றாண்டின் உரோமாபுரியில் வாழ்ந்த குரு. ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டு இடைவெளியில் வாழ்ந்த இவ்விருவரும் இங்கே அயலவராகிவிட்டனர். இருவர் வரலாற்றிலும் மனிதனுடைய நாவைப் பற்றிய செய்தி ஒன்று உண்டு. இவ்வாரம் அதனைச் சற்றே சிந்திப்போம்.

நாவடக்கம் என்றதும் குறைவாகப் பேசுதலே நம் நினைவுக்கு வருகின்றது. வாய் திறவாத பிள்ளையை நல்ல பிள்ளை என்கிறோம். சங்கீதங்களைப் பாடியவரோ தம் வாயை அடைத்துவிடும்படி இறைவனை வேண்டவில்லை. உதடுகளாகிய வாசலுக்கு ஒரு காவல் வைக்குமாறு வேண்டினார். வாசல் வேறு, சுவர் வேறு. நம் ஊர் வேலிக்குப் படலை எப்படியோ, அப்படியே வாய்க்கு உதடு. இரவில் சாத்தவும் விருந்தினர் வந்தாற் திறக்கவுமே படலை இடுகிறோம். பழைய வீடுகளின் சங்கடப்படலையில் வழிப்போக்கர் இளைப்பாற இடமும் தாகந்தீர்க்கத் தண்ணீரும் இருந்தன. திறக்கவே படாத படலை வேலியின் ஒரு பகுதியேயன்றி வேறில்லை.

பேதுருவின் நா முந்திக்கொள்ளும் நா. குருவின்மீது அவர் கொண்ட அன்பு பெரிது. அதைச் சொல்லிக்கொள்ளும் அவசரம் அதனினும் பெரிது. மற்றெல்லாரும் கைவிட்டாலும் தாம் கைவிடப்போவதில்லை என்று இறுதி இராப்போசனத்தின் பின்னர் வாக்குரைத்தார். அந்த வாக்கில் இரண்டு குறைகளைக் காணலாம். விடியுமுன் நடக்கப்போவதை அறியாமலே உறுதி கூறினார். தம்மை உயர்த்துவதற்காகத் தோழரைத் தாழ்த்தினார். பின்னர், தலைமைக் குருவின் முற்றத்திலே கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டிருந்தவர், ஒரு பணிப்பெண்ணின் கேள்விக்கு அஞ்சி அம்மனிதரை அறியேன் என்றார். சேவல் கூவுமுன் மும்முறை மறுத்தார். அவர் மறைக்க முயன்றதை அவருடைய பேச்சே காட்டிக்கொடுத்தது என்று மத்தேயு எழுதுகிறார். கலிலேயரின் உச்சரிப்பு எருசலேமில் ஒளிந்திருக்க இயலவில்லை. (ஒருவர் வாய் திறந்ததும் வடமராட்சியா, தீவுப்பற்றா என்று சொல்லிவிடும் முதியோர் நம்மிடையேயும் உளர்.) ஆகவே பேதுருவின் நா தவறியது மிகுதியாகப் பேசியதால் மாத்திரமன்று. வீண்பேச்சுக்குத் திறந்த படலை, உண்மை புறப்படவேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டது.

நாவைப் பற்றி விவிலியத்திலே விரிவாக எழுதியவர் யாக்கோபு. அவருடைய திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் உவமைகள் அடுத்தடுத்து வருகின்றன. குதிரையின் வாயிலிடும் கடிவாளம், பெருங்கலத்தைத் திருப்பும் சிறு சுக்கான், காட்டையே எரித்துவிடும் சிறு பொறி ஆகியவற்றைச் சொல்லுகிறார். வத்தையோட்டிய பரம்பரையினருக்குச் சுக்கானை விளக்கவேண்டியதில்லை. காவோலைக் குவியலில் ஒரு பொறி வீழ்ந்தால் என்ன நேரும் என்பதையும் பனங்காட்டில் வாழ்வோர் அறிவர். எனினும் தீவு மக்களுக்கென்றே எழுதியதுபோல் எனக்குத் தோன்றுவது ஊற்று உவமையே. ஒரே ஊற்றுக்கண்ணிலிருந்து நன்னீரும் உவர்நீரும் சுரக்குமோ என்று வினவுகிறார் யாக்கோபு. இறைவனைத் துதிக்கும் அதே வாய் அவர் சாயலாகப் படைக்கப்பட்ட மனிதனைச் சபிக்கின்றதே என்பது அவருடைய வியப்பு.

நம் தீவுகளில் ஆறுகள் இல்லை. மழைநீர் மணலிலும் சுண்ணக்கல்லிலும் ஊறி இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப்போல மிதக்கின்றது. நன்னீர் அடர்த்தி குறைந்ததாதலின் மேலே நிற்கின்றது. அளவறிந்து அள்ளுவோருக்கு அது குடிநீர். இயந்திரத்தை வைத்து ஓயாது இறைத்தாலோ கீழேயிருக்கும் உவர்நீர் மேலேறிவிடும். அதன்பின் அக்கிணறு பழைய சுவைக்குத் திரும்புவது எளிதன்று. பேச்சும் இவ்வாறே. மாலைவேளையில் திண்ணையில் கூடுவோர் தீய எண்ணத்தோடு கூடுவதில்லை. மீன் விலை, மழை, பிள்ளைகளின் படிப்பு என்று தொடங்குவது நன்னீர்தான். சொல்ல வேறொன்றும் இல்லாதபோதும் இறைத்துக்கொண்டேயிருக்கும்பொழுதுதான் அடுத்த வீட்டுக் குடும்பத்தின் கதை மேலே வருகின்றது. தீக்குணத்தினாலன்றி, நிறுத்தத் தெரியாமையினால் விளையும் வம்பே பெரும்பாலும் என்பது என் எண்ணம்.

பிலிப்புநேரியாரைப் பற்றி வழங்கிவரும் கதையை நம்மிற் பலர் கேட்டிருப்பர். புறங்கூறும் வழக்கமுடைய பெண்ணொருத்தி அவரிடம் பாவசங்கீர்த்தனஞ் செய்தாள். ஒரு கோழியின் இறகுகளைப் பிடுங்கி வீதியெங்கும் எறிந்துகொண்டு வருமாறு அவர் பணித்தார். அவ்வாறே செய்து வந்தவளிடம், இனிப் போய் அவ்விறகுகளையெல்லாம் பொறுக்கிவருக என்றாராம். உரோமாபுரியில் எத்தகைய காற்று வீசிற்றோ அறியேன். சோளகம் வீசும் மாதத்தில் மண்டைதீவுக் கரையில் நின்று ஓர் இறகைக் கைவிட்டவர் இக்கதைக்கு வேறு உரை தேடமாட்டார்.

இங்கே மாணவர்கள் அறிந்துகொள்ளவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இல்லாத குற்றத்தை ஒருவர்மேற் சுமத்துவது அவதூறு. அது பாவம் என்பதை யாவரும் ஒப்புவர். உள்ள குற்றத்தைத் தக்க காரணமின்றி, அதனை அறியாதவருக்கு வெளிப்படுத்துவதும் பாவமே என்று கத்தோலிக்கத் திருச்சபை கற்பிக்கின்றது. 1992இல் வெளியான மறைக்கல்வி நூல் இவ்விரண்டையும் தனித்தனியே பெயர் சொல்லிக் கண்டிக்கின்றது. ஆகவே, "உள்ளதைத்தானே சொன்னேன்" என்னும் நம்மவரின் வழக்கமான விடை அங்கே செல்லாது. வள்ளுவரும் புறங்கூறாமை, பயனில சொல்லாமை என்னும் அதிகாரங்களைத் துறவிகளுக்குரிய பகுதியில் வைக்காமல் இல்லறவியலில் அடுத்தடுத்து வைத்தார். குடும்பமே நாவுக்குச் சோதனைக்களம் என்பதை அவர் நன்கறிந்திருந்தார் போலும்.

ஒரு கலியாணப் பேச்சை எண்ணிப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வருகின்றனர். பெண்ணின் தமையன் என்றோ பட்ட கடனைப் பற்றி ஒருவர், கேளாமலே, ஒரு வாக்கியம் சொல்லுகிறார். அது மெய்யாகவே இருக்கலாம். பேச்சு முறிகின்றது. சொன்னவர் அடுத்த ஞாயிறு நற்கருணை உட்கொள்கிறார்; அப்பெண்ணோ தன் வீட்டாருக்கு யாது குறையென்று அறியாமலே ஆண்டுகளைக் கழிக்கிறாள். மன்னிப்புப் பெற்றாலும், கெடுத்த பெயரை இயன்றவரை சீர்செய்யும் கடமை நீங்காது என்பதும் அதே திருச்சபையின் போதனை. எவரெவரிடம் சொன்னோமோ அவரவரிடம் திரும்பிப் போகவேண்டும். முன்னர் அது நாலு வளவுகளுக்குள் அடங்கிற்று. இன்று மண்டைதீவார் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். கைத்தொலைபேசியில் அனுப்பிய குரற்செய்தி, சொன்னவர் தேநீர் குடித்து முடிக்குமுன் மூன்று கண்டங்களைச் சுற்றிவிடும். வம்பு பேசுதல் கொரோனாவினும் கொடிய கொள்ளைநோய் என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2020இல் எச்சரித்தார். அவர் மறைந்தது 2025இல். அவர் சொன்ன நோய் இன்னும் மறையவில்லை.

நாவடக்கம் ஒரு சமூகத்தையே காத்த வரலாறும் நம் மண்ணில் உண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தனர். பிலிப்புநேரியாரின் ஒழுங்கைத் தழுவிய கோவாச் சபையின் குருவாகிய யோசப் வாஸ் அடிகள் 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் இங்கு வந்து சேர்ந்தார். சில்லாலை மக்கள் அவரை வைத்துக் காத்தனர். ஓரிருவர் வாய்காத்தால் போதாது. கிணற்றடியிலும் சந்தையிலும் நடமாடும் ஓர் ஊரே வாய்காத்திருக்கவேண்டும். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தர் திடீரெனப் புகுந்து வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரைச் சிறைப்பிடித்தனர், குரு அகப்படவில்லை. பிடிபட்டோருட் சிலர் தண்டனையால் மாண்டனர். வாஸ் அடிகள் பின்னர் கண்டி இராச்சியத்தில் தொண்டாற்றி 1711இல் மறைந்தார். 2015இல் கொழும்பிலே புனிதராக உயர்த்தப்பட்டார். அவரைக் காத்த மக்களின் பெயர்களுட் பெரும்பாலானவை ஏட்டில் இல்லை.

மௌனத்தையே நோன்பாகக் கொண்டவர்களும் உளர். 1928இல் தோமஸ் அடிகள் தோலகட்டியில் நிறுவிய செபமாலைத்தாசர் சபையினர் செபத்திலும் தவத்திலும் உழைப்பிலும் மௌனமாக நாளைக் கழிப்பவர்கள். அவர்களை நம்மிற் பலர் அறிந்தது அவர்கள் செய்த நெல்லிரசத்தாலேயே என்பது வேடிக்கை. மடத்து மௌனம் இல்லத்தாருக்கு இயலாது, வேண்டியதுமன்று. பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு குறைந்தபோது தகப்பன் மூன்று நாட் பேசாதிருப்பது நாவடக்கமாகாது. அது சொல்லில்லாத அடி.

மௌனம் குற்றமாகும் இடமும் உண்டு. அல்லைப்பிட்டியிலேயே, 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் நாள், பிலிப்புநேரியார் ஆலயத்திலே தஞ்சமடைந்திருந்த மக்கள் எறிகணை வீழ்ந்து மாண்டனர். அதற்கடுத்த வாரம், 20ஆம் நாள், பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகள் துணைக்குச் சென்றவரோடு காணாமற்போனார். அவர்களுக்கு நேர்ந்தது என்ன என்று உற்றார் கேட்டால், பழங்கதையைக் கிளறாதீர் என்று வாயடைப்போர் நாவடக்கத்தின் பெயரால் பேசலாகாது. ஆலோசனைச் சங்கத்தார் பேசாதே என்று கட்டளையிட்டபோது, கண்டதையும் கேட்டதையும் சொல்லாதிருக்க இயலாது என்று விடையிறுத்தவர் அதே பேதுருதான்.

முற்றத்தில் நடுங்கிய நா சங்கத்தின் முன் எவ்வாறு உறுதிபெற்றது? யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தைப் பாருங்கள். விடியற்காலம், இரவெல்லாம் வெறும் வலை இழுத்துப் பின்னர் மீன் பெற்றவர்கள் கரையேறுகின்றனர். அங்கே கரிநெருப்பு மூட்டியிருக்கின்றது. மறுதலித்த இரவிலும் கரிநெருப்பே எரிந்தது. கிரேக்க மூலத்தில் ஈரிடத்தும் ஒரே சொல். உயிர்த்த ஆண்டவர் பேதுருவை மும்முறை வினவுகிறார். மற்றவர்களிலும் மேலாக அன்பு செய்கிறாயோ என்று முதல் வினா அமைகின்றது. பழைய பேதுருவாயின் ஆம், மேலாகவே என்றிருப்பார். இப்பொழுதோ மற்றவரைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கவில்லை. உமக்குத் தெரியுமே என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்.

பெற்றோர் கவனிக்கத்தக்க சிறு செய்தியும் அங்கே உண்டு. சோற்றுக் கோப்பையின் முன் பிள்ளையை இருத்திவைத்துக் குற்றங்களைக் கணக்கெடுப்பது நம் வீடுகளில் நடப்பதே. அக்கரையிலோ முதலில் அப்பமும் சுட்ட மீனும் பரிமாறப்பட்டன. எல்லாரும் உண்டு முடித்த பின்னரே பேதுருவிடம் கேள்வி கேட்கப்பட்டது.