எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சொல்



போன வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை கிராமர் நோட்டோடு வந்தாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். “மாமா, ‘ஆஸ் மெனி ஆஸ்’, ‘ஆஸ் மச் ஆஸ்’ ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு?” என்று கேட்டாள்.

நான் நோட்டைத் திறக்கவில்லை. “அம்மாகூட வடசேரி சந்தைக்குப் போவியே, தேங்காய் வாங்கும்போது அம்மா எப்படிக் கேப்பாங்க?” என்றேன். “எத்தனை வேணும்னு.” “வெண்டைக்காய்க்கு?” “எவ்வளவு வேணும்னு.” சொல்லி முடித்ததும் அவளே சிரித்துவிட்டாள். எண்ணினால் எத்தனை, நிறுத்தால் எவ்வளவு. ‘மெனி’யும் ‘மச்’சும் அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தைத் தமிழ் நமக்கு எப்போதோ கற்றுக்கொடுத்துவிட்டது.

நம் குமரிப் பக்கத்தில் இதற்கு இன்னொரு அழகான உதாரணம் உண்டு. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் இங்கே வந்தால், ஏத்தம்பழத்தையும் மட்டிப்பழத்தையும் தராசில் வைப்பதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். அவர்கள் ஊரில் பழத்தை எண்ணி வாங்குவார்கள். நாம் கிலோ கணக்கில் வாங்குகிறோம். அதே பழத்துக்கு அங்கே ‘எத்தனை’, இங்கே ‘எவ்வளவு’!

அளவை ஒப்பிட்டுச் சொல்வதும் நமக்குப் புதிதல்ல. நம் தாத்தாக்கள் வயலை ஏக்கரில் சொன்னார்களா? ‘ஒரு கோட்டை விதைப்பாடு’ என்றார்கள். கோட்டைக்கு 21 மரக்கால். அவ்வளவு விதை எவ்வளவு நிலத்துக்குக் காணுமோ, அவ்வளவு நிலம். ‘ஆஸ் மச் ஆஸ்’ என்பதை வயலில் நின்றே பேசியவர்கள் நாம்.

அப்படியிருந்தும், இதே சங்கதி இங்கிலீஷில் வரும்போது நாம் ஏன் தடுமாறுகிறோம்? எண்ணைப் பார்க்கிறோம், பக்கத்தில் இருக்கும் சின்னச் சொல்லை விட்டுவிடுகிறோம். இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தது அந்தச் சின்னச் சொல்லைப் பற்றித்தான்.

பண்டிகை வந்தால் பேப்பருக்குள் நோட்டீஸ் வருகிறது. ‘அப் டு 50%’ தள்ளுபடி. ‘50’ கொட்டை எழுத்தில், ‘அப் டு’ எறும்பு அளவில். ‘அப் டு’ என்றால் ‘வரை’. அதற்கு மேல் இல்லை என்பது மட்டும்தான் உறுதி. நீங்கள் எடுக்கிற சேலைக்கு அது 5 சதவீதமாகவும் இருக்கலாம்.

நகைக்கடன் விளம்பரத்தில் இதே ஏற்பாடு தலைகீழாக வரும். வட்டி ‘ஸ்டார்ட்டிங் ஃப்ரம்’ இவ்வளவு, அல்லது ‘ஆஸ் லோ ஆஸ்’ இவ்வளவு. அதற்குக் கீழே வட்டி கிடையாது என்று அர்த்தம். உங்கள் வட்டி அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். தள்ளுபடிக்கு ‘வரை’, வட்டிக்கு ‘முதல்’. இரண்டிலும் நமக்குக் காட்டுவது அவர்களிடம் உள்ளதிலேயே நல்ல எண். நமக்குக் கிடைக்கப்போகும் எண் எது? வளையலைக் கழற்றும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

பிஸ்கட் பாக்கெட்டில் ‘50% எக்ஸ்ட்ரா’ என்று இருக்கிறது. பாதி விலைக்குக் கிடைத்தது போல மனசு மகிழ்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 100 கிராம் விலைக்கு 150 கிராம் தருகிறார்கள். ஒரு கிராமின் விலை மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, அதாவது சுமார் 33 சதவீதம். லாபம்தான், ஆனால் பாதி விலை அல்ல.

மருந்துக்கு வருவோம். ‘அட் லீஸ்ட்’ நாலு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு ‘நாட் மோர் தேன்’ நாலு மாத்திரை என்று காய்ச்சல் மாத்திரை அட்டையில் போட்டிருந்தால், எண் இரண்டும் ஒன்றுதான், சொல்தான் வேறு. முதல் நாலு, அதற்குக் கீழே போகக் கூடாதது. இரண்டாவது நாலு, அதற்கு மேலே போகக் கூடாதது. மாற்றிப் புரிந்துகொண்டால் என்ன ஆகும்? வயதான அம்மாவுக்கு நாம் தமிழில் சொல்லிவிட்டால் போதும்: “நாலு மணி நேரமாவது கழியணும். நாலு மாத்திரைக்கு மேல வேண்டாம்.” ‘ஆவது’ என்ற ஒரு ஒட்டு, ‘அட் லீஸ்ட்’டின் வேலை முழுவதையும் செய்துவிடுகிறது.

விண்ணப்பப் படிவங்களில் எண்ணுக்குப் பக்கத்துச் சின்னச் சொல்தான் வாசற்படி. 2023-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குப் படிவம் நிரப்பினோமே, ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குக் கீழ், மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குக் குறைவு என்று நிபந்தனைகள் இருந்தன. ‘குறைவாக’ என்பது வேறு, ‘மிகாமல்’ என்பது வேறு. ‘மிகாமல்’ என்றால் சரியாக அந்த எண்ணில் நிற்பவரும் உள்ளே. ‘குறைவாக’ என்றால் அவர் வெளியே. ‘லெஸ் தேன்’, ‘நாட் எக்ஸீடிங்’ என்று இங்கிலீஷ் படிவத்தில் வருவதும் இதுதான். பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப் படிவத்தை நிரப்பும்போது இதைக் கவனியுங்கள்.

பத்திரிகைக்காரர்களான நாங்களும் இதில் சறுக்குகிறோம். ‘ஆஸ் மெனி ஆஸ் 30’ பேர் தேர்வானார்கள் என்று இங்கிலீஷ் செய்தி வந்தால், ‘30 பேர் வரை’ என்று எழுதிவிடுகிறோம். எங்கள் மேசையிலும் இது நடந்திருக்கிறது. அது தவறு. அந்த இங்கிலீஷ் சொல்லில் இருப்பது வியப்பு. ‘இத்தனை பேரா! முப்பது பேர்!’ என்பதுதான் அதன் தொனி. ‘வரை’ என்று போட்டதும் பெருமை சந்தேகமாகிவிடுகிறது.

‘மடங்கு’ இன்னொரு சிக்கல். தோவாளையில் பிச்சிப்பூ கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ‘இரு மடங்கு ஆனது’ என்றால் 1000. ‘இரு மடங்கு அதிகரித்தது’ என்று எழுதினால் ஒருவர் 1000 என்பார், இன்னொருவர் 1500 என்பார். கல்யாண வீட்டுக்கு மாலை சொல்லப் போகிறவருக்கு இரண்டும் ஒன்றா?

கடற்கரை வீடுகளுக்கு இந்தச் சின்னச் சொல்லின் கனம் நன்றாகத் தெரியும். காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், ‘இடையிடையே’ 65 என்று எச்சரிக்கை வரும். படகைப் புரட்டுவது அந்த ‘இடையிடையே’ வரும் காற்றுதான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, காணாமல் போனவர்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியது. ‘சுமார்’, ‘மேற்பட்டோர்’ என்று நாங்கள் எழுதினோம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கரைகளில் காத்திருந்த வீடுகளில் ‘சுமார்’ என்ற சொல்லுக்கு இடம் இருந்ததா? அங்கே ஒவ்வொருவரும் ஒரு பெயர். மனிதரை நிறுத்துச் சொல்ல முடியாது. எண்ணித்தான் சொல்ல வேண்டும் என்று அந்த நாட்கள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தன.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள் பெரியவர்கள். அளந்து படிப்பதும் அதில் சேர்ந்ததுதான்.

ஒரு சின்ன வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிள்ளைகளோடு உட்காருங்கள். ஒரு நோட்டீஸ், ஒரு மருந்து அட்டை, ஒரு பிஸ்கட் பாக்கெட் போதும். எண்ணை விரலால் மறைத்துவிட்டு, பக்கத்துச் சொல்லை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். அது ‘வரை’யா, ‘முதல்’ஆ, ‘ஆவது’வா, ‘மிகாமல்’ஆ என்று தமிழில் சொல்லட்டும். அப்புறம் விரலை எடுங்கள்.

பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பாட்டிக்குத் தெரிந்த பழைய அளவுச் சொற்களையும் சேர்த்தே எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்