கதையைச் சுருக்கி வரைக

ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் கந்தர்வனின் ‘தண்ணீர்’ சிறுகதை இருக்கிறது. மழை பொய்த்த ஊர். அங்கே நின்று போகும் பாசஞ்சர் ரயிலில் முண்டியடித்து ஏறி, பெட்டிக் குழாயில் குடம் பிடிக்கிறார்கள் பெண்கள். ஒருநாள் இந்திரா இறங்குவதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது. ஊரே பதறித் தேடுகிறது. கடைசியில் அவள் தண்டவாளத்தோரமாக நடந்தே வந்து சேர்கிறாள், இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு.

இவ்வளவு தெரிந்தால் போதும், தேர்வு எழுதிவிடலாம். ‘கருத்தும் சுவையும் குன்றாமல் சுருக்கி வரைக’ என்பதுதானே கேள்வி. முன்னுரை, நடுவில் நாலைந்து உட்தலைப்புகள், முடிவுரை. 8 மதிப்பெண். சுவை குன்றாமல் ஒரு கதையை எப்படிச் சுருக்குவது என்று கந்தர்வனைக் கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது.

எங்கள் குடியிருப்பில் ஒன்பதாவது படிக்கும் பெண்ணிடம் கதை பிடித்திருந்ததா என்று கேட்டேன். “நோட்ஸ்ல படிச்சுட்டேன் அங்கிள். அஞ்சு சைடு ஹெட்டிங்” என்றாள். புத்தகத்தில்? “அது பெரிசு அங்கிள்.” கல்யாணத்துக்குப் போகாமல் மொய் நோட்டை மட்டும் புரட்டிப் பார்த்த மாதிரி. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கேட்கிற கேள்விக்கு அவள் சரியாகத்தான் தயாராகியிருக்கிறாள்.

இதைச் சொன்னதும் மனப்பாடக் கல்விதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சிலர் கிளம்புவார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. செய்யுளை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். பன்னிரண்டு வயதில் அர்த்தம் புரியாமல் நெட்டுருப்போட்ட குறளும் சிலப்பதிகார அடிகளும் நாற்பது வயதில் திடீரென்று ஒரு பேருந்துப் பயணத்தில் புரியும். அந்த ஓசை நாவில் தங்கி, பிற்பாடு நாம் எழுதும் உரைநடையைக்கூட ஒழுங்குபடுத்தும். கவிஞர் எழுதியதை மனப்பாடம் செய்வதில் ஒரு நஷ்டமும் இல்லை. யாரோ எழுதிய கதைச்சுருக்கத்தை மனப்பாடம் செய்வதுதான் வீண். அதில் ஓசையும் இல்லை, ஆளும் இல்லை.

பாடநூலைக் குறை சொல்ல முடியாது. 2018-19இல் தொடங்கி வந்த புதிய பாடநூல்கள், நவீன இலக்கியத்துக்குக் கதவைத் தாராளமாகவே திறந்துவிட்டன. தி. ஜானகிராமன், கு. அழகிரிசாமி, சா. கந்தசாமி, பூமணி எல்லாரும் உள்ளே வந்தார்கள். பதினொன்றாம் வகுப்பில் ‘வாடிவாசல்’, ‘யானை டாக்டர்’. நாங்கள் படித்த காலத்தில் துணைப்பாடம் என்றால் பெரும்பாலும் தலைவர் வரலாறும் நீதிக்கதையும்தான். இந்தப் பிள்ளைகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் அந்தக் கதைகள் வகுப்பில் வாசிக்கப்படுகின்றனவா? முக்கால் மணி நேர வகுப்பில் வருகைப் பதிவு போக மிச்சமிருப்பதில் ஒரு கதையை வாய்விட்டு வாசித்து முடிக்க முடியாது. இரண்டு வகுப்பு ஒதுக்கினால் இலக்கணப் பகுதி பின்தங்கும். (அந்தப் பகுதிக்குக் ‘கற்கண்டு’ என்று பெயர் வைத்தவரின் குறும்பு எனக்குப் பிடிக்கும்.) பாடத்தின் முடிவில் ‘கற்பவை கற்றபின்’ என்று நல்ல நல்ல செயல்பாடுகள் கொடுத்திருக்கிறார்கள். அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. ஆகவே அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. வாசிக்கத் திணறுகிற பிள்ளையின் நிலை இன்னும் மோசம். ‘மெல்லக் கற்போர்’ என்று ஒதுக்கி, ஆகச் சுருக்கமான கையேட்டை அவன் கையில் கொடுத்துவிடுகிறோம். கதை யாருக்கு அதிகம் தேவையோ அவனுக்குத்தான் கதை போய்ச் சேருவதில்லை.

சுருக்கத்தில் எது தொலைகிறது? இந்திரா தன் கல்யாணத்தைப் பற்றி நினைக்கும் இடம் ஒன்று வரும். மாப்பிள்ளையைவிட ஊர்தான் முக்கியம் அவளுக்கு; தண்ணீர் இருக்கிற ஊராக வேண்டும். வறட்சியைப் பற்றிப் பத்துப் பக்கக் கட்டுரை சொல்லாததை அந்த நினைப்பு சொல்லிவிடுகிறது. அதுபோலவே கடைசியில் இத்தனை தூரம் குடத்தையும் சுமந்து வந்தாயா என்று கேட்கும்போது அவள் சொல்லும் பதில். அழுகை இல்லை, வீரவசனம் இல்லை, நாளைக்குக் குடிக்க வேண்டுமே என்கிற கணக்கு மட்டும். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, பேச்சு எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்பதெல்லாம் மொழிப்பாடம்தான். இதைக் கதைக்குள் கேட்டுப் பழகாத பிள்ளை, எந்தத் தலைப்பு கொடுத்தாலும் ‘நாம் அனைவரும் ஒன்றுபட்டுப் பாடுபடுவோம்’ என்று கட்டுரையை முடிக்கிறது.

நல்ல கேள்வியும் கேட்கத் தெரிந்தவர்கள்தான் நாம். பத்தாம் வகுப்பில் கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ பகுதிக்கு ஒரு வினா உண்டு: பசித்து வந்தவனுக்கு உதவும் அன்னமய்யாவின் பெயருக்கும் செயலுக்கும் என்ன பொருத்தம் என்று. பிள்ளை புத்தகத்தைத் திறந்து தேடியாக வேண்டிய கேள்வி. அதற்கும் நோட்ஸில் விடை வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

ஆகவே நோட்ஸால் முந்திக்கொள்ள முடியாத கேள்வி வேண்டும். கதையிலிருந்தே ஒரு பத்தியை வினாத்தாளில் அச்சிட்டுக் கொடுக்கலாம். இங்கே பேசுவது யார், எதை வைத்துச் சொல்கிறாய்? இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன குறையும்? இதையே இந்திராவின் அம்மா சொன்னால் எப்படிச் சொல்வாள், எழுது. தமிழாசிரிய நண்பர் ஒருவரிடம் சொன்னபோது சிரித்தார். “ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவாங்க சார். விடைக்குறிப்பு எப்படிப் போடுறது? கட்டுக்கட்டா பேப்பர் திருத்துறவங்க கதி என்ன?” நியாயமான கேள்வி. பொதுத்தேர்வில் உடனே முடியாதுதான். ஒன்பதாம் வகுப்புக்கு அரசுப் பொதுத்தேர்வு கிடையாதே என்றேன். வகுப்பில் வைக்கிற இயல் தேர்வுக்கு வினாத்தாள் எழுதுவதும் அவர்தான், திருத்துவதும் அவர்தான். வருகிற தேர்வில் ஒரே ஒரு கேள்வி வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், 3 மதிப்பெண்ணுக்கு.