சிறியோன் போர்முறை

உருவாற் சிறியவன் ஒருவன் போர்க்களம் புகின் எம்முறையாற் பொருதல் வேண்டும்? இவ்வினா இன்று எம் மாணாக்கர் சிலரிடையே பெருவாதமாய் நிகழ்கின்றது. இஃதெந்தப் போர் எனப் பழைய மாணவராகிய அன்பர்கள் வியத்தல் கூடும். அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கி, 1974 ஆம் ஆண்டில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டில் நிகழும் போர் அது. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். எடுத்த செயல் முடியுமோ முடியாதோ என்பதை 20 முகத் தாயக்கட்டை தீர்க்கும்.

இவ்விளையாட்டில் ஹாஃப்லிங் என்னும் குள்ள இனத்தவர் உளர். அவர்தம் உயரம் ஏறக்குறைய 3 அடி. ஓசையின்றி இயங்குதற்கு ஏற்றவராதலின், அவரைக் கள்வர் வகுப்பிற் சேர்த்து ஆடுதல் பெருவழக்கு. 2024 ஆம் ஆண்டிலே விதிகள் திருத்தப்பட்டனவாயினும், எம் மாணாக்கர் 2014 ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பையே கைக்கொள்ளுகின்றனர். அதன்படி, சிற்றுருவினர் நெடுவில், பெருவாள் முதலிய கனத்த படைக்கலங்களை எடுப்பின், கட்டையை இருமுறை உருட்டிச் சிறிய எண்ணையே கொள்ளல் வேண்டும். ஆகவே வாதம் இரண்டு முறைகளைப் பற்றியதாகின்றது. இரு கையிலும் குறுவாள் ஏந்தி நெருங்கிப் பொருதல் ஒன்று. குறுவில் ஏந்தி மறைந்து நின்று எய்தல் மற்றொன்று.

இளைஞர் பெரிதும் விரும்புவது இரட்டை வாளையே. முதல் வீச்சுத் தவறினும் இரண்டாவது பலிக்கும் என்பர். அதில் உண்மையில்லாமலில்லை. கள்வனுக்குரிய பேராற்றல் மறைதாக்கு ஆகும். அஃது அவன் முறையில் ஒரு தடவையே நிகழுமாயினும், 5 ஆம் படிநிலையில் மூன்று ஆறுமுகக் கட்டைகளின் தொகையை மிகையாகத் தரும். அதனை இழவாதிருக்க இரண்டாம் வாள் துணை செய்யும்.

எனினும் கணக்கை நோக்குவோம். பகைவனைத் தாக்க 11 அல்லது அதற்கு மேற்பட்ட எண் விழவேண்டுமெனக் கொள்வோம். ஒரு வீச்சு நூற்றுக்கு 50 பங்கு பலிக்கும். இரு வீச்சுக்களில் ஒன்றேனும் பலித்தல் நூற்றுக்கு 75. மறைந்திருந்து எய்வோனோ இருமுறை உருட்டிப் பெரிய எண்ணைக் கொள்கின்றான், அவனுக்கும் 75. பயன் ஏறக்குறைய ஒன்றே. நிற்கும் இடம் ஒன்றன்று. இரண்டாம் வாளை வீசுதற்கும், ஒளிதற்கும், பகைவனிடமிருந்து விலகுதற்கும் விதி தருவது ஒரே துணைச்செயல். அதனை வாளுக்குச் செலவிட்டவன் பகைவன் கைக்கெட்டும் இடத்திலேயே நிற்பான். வில்லாளி எய்தபின் அதனைக் கொண்டு மீண்டும் ஒளிவான்.

மறைந்து நின்று எய்தல் வீரமாகுமோ என வினவுவாருமுளர். கம்பராமாயணத்து வாலி எழுப்பிய வினாவும் இதுவே. அதற்கு அறிஞர் கூறும் விடைகளை ஈண்டு ஆராய்கிலேம். இம்மேசையிலே போர் இருவர்க்கிடையே நிகழும் தனிப்போரன்று. தோழர் பலர் ஒருங்கு நின்று பொரும் போர். கவசமணிந்தோன் வெளிப்பட நிற்றல் அவன் கடன். சிறியோன் மறைவில் நின்று அவன் சுமையைக் குறைத்தல் இவன் கடன். ஆண்மை காட்ட விரும்பி முன்வரிசையிற் புகுந்து இவன் வீழின், இவனை எழுப்பத் தோழனொருவன் தன் கருமத்தை விட்டு ஓடிவரல் வேண்டும். தோழர்க்குத் துன்பந்தரும் வீரத்தை வீரமென யாம் கொள்ளேம்.

வில்லொன்றே எவ்விடத்தும் போதுமென்பதன்று எம் கருத்து. ஒளிய இடமில்லா வெளியில் அதன் சிறப்புக் குன்றும். பகைவன் 5 அடிக்குள் வந்துவிடின் எய்தல் இடர்ப்படும். ஆதலின் இடையிலே குறுவாளொன்றும் இருத்தல் வேண்டும். அதனால் ஒருமுறை தாக்கி உடனே விலகுக.

வகுப்பிலே உருவாற் சிறிய மாணாக்கர் பலர், பெரியோர் செய்வதைத் தாமுஞ் செய்தாலன்றி மதிப்பில்லையென எண்ணி வாடுகின்றனர். பிறன் வலியைக் கடன்வாங்கிப் போரிடல் இயலாது. தன் அளவையும் தான் நிற்கும் இடத்தையும் அறிந்து படைக்கலம் தெரிபவனே தன் கூட்டத்திற்குப் பயன்படுவான். விளையாட்டுத்தானே என்று இதனைத் தள்ளாது, மேசையைச் சுற்றியிருக்கும் எம் மாணாக்கர் சிந்திப்பாராக.