சான்று கேட்கலாம், காரணமும் சொல்ல வேண்டும்

மருத்துவத்தில் புதிய கருவிகளும் புதிய சிகிச்சை முறைகளும் வந்த வண்ணம் உள்ளன. அவற்றின் செலவை யார் ஏற்பது என்பதே மாதச் சம்பளக்காரரின் கவலை. 'போதிய சான்று இல்லாத சிகிச்சை' என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்தால், பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த குடும்பம் வட்டிக்கடைப் படியேற வேண்டியதுதான்.

சான்று கேட்பது தவறல்ல. புதியது என்பதாலேயே ஒரு சிகிச்சை மேலானதாகிவிடாது. ஆரம்ப நிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிறு துளைகள் வழியாகவும், ரோபோ துணையோடும் அறுவை செய்யும் முறை பல நாடுகளில் பரவியது. 631 பெண்களிடம் அதைப் பழைய முறையோடு ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2018-ல் வெளிவந்தது. நாலரை ஆண்டுகளில் நோய் திரும்பாமல் உயிரோடிருந்தோர், வயிற்றைத் திறந்து செய்த பழைய முறையில் நூற்றுக்கு 96.5, புதிய முறையில் 86 மட்டுமே. பலனை அளந்து பார்ப்பது நோயாளிக்கே பாதுகாப்பு.

ஆனால், நம் நாட்டில் உண்மையில் பலன்தான் அளக்கப்படுகிறதா? நிரூபணமாகாத சிகிச்சையை விலக்கலாம் என்று 2019-ல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் விதி வகுத்தது. ரோபோ அறுவை உள்ளிட்ட 12 நவீன சிகிச்சைகளை அடியோடு மறுக்கலாகாது, வரம்பு மட்டும் வைக்கலாம் என்றும் கூறியது. 2020-ல் வந்த 'ஆரோக்கிய சஞ்சீவனி' பாலிசியில் அந்த வரம்பு காப்புத் தொகையில் பாதி. 3 லட்ச ரூபாய் பாலிசிக்கு ஒன்றரை லட்சம்தான். நெடுங்காலமாகப் பலன் கண்ட புற்றுநோய் மாத்திரைக்கும் அதே பாதி. ரோபோ அறுவைக்கும் அதே பாதி! இது சான்றை எடைபோட்டு வைத்த வரம்பாகத் தோன்றவில்லை. செலவுக்குப் போட்ட கடிவாளமாகவே தோன்றுகிறது.

மருத்துவத் தொழில்நுட்பங்களின் பலனையும் செலவையும் மதிப்பிட, மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் ஓர் அமைப்பு இருக்கிறது. அத்தகைய மதிப்பீட்டின் அடிப்படையில், ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனியே வரம்பு நிர்ணயிப்பதே முறை.

பரிசீலனைக் குழுவின் ஒப்புதலின்றி எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்கக் கூடாது, எந்த நிபந்தனையின்படி நிராகரிக்கப்படுகிறது என்பதையும் தெரிவிக்க வேண்டும் என்று 2024-ல் ஆணையம் உத்தரவிட்டது வரவேற்கத்தக்கது. அது மட்டும் போதாது. 'சான்று இல்லை' என்று சொல்லும் கம்பெனி, எந்த ஆய்வுகளைப் பார்த்து அப்படி முடிவு செய்தது என்பதையும் பாலிசிதாரருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும்.

மறுப்புக் கடிதத்தோடு தொழிலாளர் ஓய்ந்துவிடவும் கூடாது. முதலில் கம்பெனியிடமே எழுத்து மூலம் முறையிட வேண்டும். நியாயம் கிடைக்காவிட்டால், கட்டணமின்றி விசாரிக்க மும்பை, பெங்களூர் போன்ற நகரங்களில் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகங்கள் உள்ளன. பிரீமியத்தைத் தவறாமல் வாங்கிக்கொள்வோர், மறுப்பதற்கான காரணத்தைச் சொல்லவும் கடமைப்பட்டவர்களே.