கல்லூரி மரநிழல்

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரையூர். அங்கே உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. பாத்திகளில் தேக்கிய உவர்நீர் ஞாயிற்றின் வெம்மையால் வற்ற, உப்பு விளைகின்றது. உவர் மிகுந்த அந்நிலத்தின் நடுவே மரம் வளர்வதில்லை. நிழல் விழுமிடத்தில் நீர் விரைந்து வற்றுவதுமில்லை. ஆதலின், கண் கூசும் வெண்மையிடையே நின்று உப்பு வாருவோர்க்கு நிழல் கிட்டாத செல்வமாகும். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்னும் பழமொழியின் பொருளை அவரினும் நன்கறிந்தார் யாவர்?

அத்தகைய குடியிற் பிறந்த மாணாக்கன் ஒருவன் கல்லூரி புகுந்தால், அவன் உள்ளத்தை முதற்கண் கவர்வது உயர்ந்த மாடமன்று. அமைதி தவழும் மரநிழலேயாம்.

அவ்வாறான நிழலுக்குப் பெயர்பெற்றது தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரி. சென்னை நகரின் நெருக்கத்திடையே இருந்த அக்கல்லூரி, 1937ஆம் ஆண்டில் தாம்பரத்திற்கு மாற்றப்பெற்றது. 350 ஏக்கருக்கு மேற்பட்ட அவ்வளாகத்தில் இயற்கையான புதர்க்காடும் உண்டு. நட்டு வளர்த்த மரங்களும் உண்டு. புள்ளிமான்கள் அங்கு உலவுகின்றன. மரம் வளர்ப்பதில் ஊக்கங்காட்டிய ஆசிரியருள் எட்வர்ட் பார்ன்ஸ் என்பார் சிறந்தவர். அவர் கற்பித்த பாடம் வேதியியல். விட்டுச் சென்ற செல்வமோ நிழல். அவரைக் கண்டறியாத தலைமுறையினர் இன்று அந்நிழலில் அமர்ந்து பயில்கின்றனர்.

கட்டடம் இல்லாத இடமெல்லாம் வீணிடம் எனக் கருதுவார் சிலர் உளர். அவர் கருத்துப் பொருந்தாது. வகுப்பிற் கேட்டது மனத்திற் படிவதற்குத் தனிமை வேண்டும். இல்லத்தில் தனியறை இல்லாத ஏழை மாணாக்கனுக்கு மரத்தடியே படிப்பறை. அங்கே செல்வன் வறியன் என்னும் வேற்றுமை இல்லை, கட்டணமும் இல்லை. வகுப்பறைகளும் வேண்டுவனவே; எனினும், அவற்றை மரமில்லாத இடத்தில் எழுப்புதலே முறை. கட்டடத்தைச் சில ஆண்டுகளில் எழுப்பலாம். ஆலும் அரசும் நிழல் பரப்ப ஒரு தலைமுறை செல்லும்.

ஆதலின், கல்லூரி தோறும் அமைதியான மரநிழல் ஒன்றேனும் இருத்தல் வேண்டும். அதனைக் காப்பது நிருவாகத்தார் கடன் மட்டுமன்று, மாணாக்கர் கடனுமாம். குப்பை எறிதலும், பட்டையிற் பெயர் செதுக்குதலும், பிறர் அமைதியைக் கெடுத்தலும் தகாதன. வெயில் மிகுந்த அளத்தில் தாய் நின்று உழைப்பதனால் அன்றோ மைந்தன் நிழலில் அமர்ந்து கற்கின்றான்? அந்நிழலிற் கழியும் ஒவ்வொரு நாழிகையும் அவள் உழைப்பின் விலையாகும். அதனை உணர்ந்து கற்பவன், தன் பின் வருவோர்க்கும் ஒரு மரம் நட்டுச் செல்வானாக.