கையால் கட்டிய சொற்கள்

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். எனக்கு நெடுநாளாக ஒரு வருத்தம். நம் மாணவர்களுக்குப் பழைய ஆங்கிலம் என்பது தேர்வுக்கான குறிப்பாகச் சுருங்கிவிட்டது. ‘பியோவுல்ஃப்’ காவியத்தின் கதைச்சுருக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டு நேரே கவிஞர் சாசருக்குத் தாவிவிடுகிறார்கள். அந்த மொழி சொற்களை எப்படிக் கட்டியது என்பதை யாரும் அவர்களுக்குக் காட்டுவதில்லை.

‘கை’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். காவிய நாயகன் பியோவுல்ஃபின் பிடிக்கு முப்பது பேரின் வலிமை. டேஹ்ரெவன் என்ற வீரனை அவன் வாளில்லாமலே கொல்கிறான். அப்போது தன்னை ‘ஹாண்ட்பானா’ என்கிறான், கையால் கொன்றவன். தம்பியைக் கொன்ற காயீனுக்கு அதே காவியத்தில் ‘எட்ஜ்பானா’ என்று வேறு பெயர், வாள்முனையால் கொன்றவன். அந்தக் கைப்பிடியில் நொறுங்கும் டேஹ்ரெவனின் உடலுக்கோ ‘பான்ஹூஸ்’ என்று பெயர், எலும்பு வீடு!

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஹாண்ட்யெஸ்தெயல்லா’. போர்க்களத்தில் நம் கைக்கு அருகிலேயே நிற்கும் தோழன் என்று பொருள். கிழவனாகிவிட்ட பியோவுல்ஃப், நெருப்பு உமிழும் டிராகனிடம் சிக்கித் தவிக்கிறான். உடன் வந்தவர்கள் உயிருக்குப் பயந்து காட்டுக்குள் ஓடுகிறார்கள். கவிஞர் சரியாக அந்த இடத்தில்தான் அவர்களை இந்தச் சொல்லால் குறிக்கிறார். அவர்களில் விக்லாஃப் என்ற ஒருவன் மட்டுமே உதவிக்குத் திரும்புகிறான். சொல்லின் பொருள் அறியாமல் படிப்பவருக்கு ஓடியவர்கள் கோழைகள் என்பது மட்டும் தெரியும், கவிஞரின் கோபம் எட்டாது.

இதெல்லாம் செத்த மொழி என்பார்கள். ஆனால் ‘ஹேண்டிவொர்க்’ என்று நாம் இன்றும் எழுதுகிறோமே, அதன் நடுவிலுள்ள இகரம் ‘ஹாண்ட்யெவெயோர்க்’ என்ற பழஞ்சொல்லில் இருந்த ‘யெ’ என்ற முன்னொட்டின் மிச்சம். ‘ஹேண்ட்புக்’ கதை இன்னும் பெரிது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னர் தமக்குப் பிடித்த பகுதிகளை எழுதுவித்து எப்போதும் உடன் வைத்திருந்த நூலை, பிற்காலத்து வரலாற்றாசிரியர் மாம்ஸ்பரி வில்லியம் ‘ஹாண்ட்போக்’ என்றே குறிப்பிடுகிறார். 1066இல் நார்மன்கள் வந்தபின் பிரெஞ்சுவழி வந்த ‘மேனுவல்’ அதன் இடத்தைப் பிடித்தது. அதற்கும் வேர் கைதான், ஆனால் லத்தீன் கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் சொல்லின் சாயலில் ‘ஹேண்ட்புக்’ திரும்பி வந்தது. 1836 முதல் ஜான் மரேயின் பயண வழிகாட்டிகள் அதைப் பரப்பின. பின்னாளில் டப்ளின் பேராயரான ரிச்சர்ட் டிரெஞ்ச் 1855இல் அதை அழகற்றது, தேவையற்றது என்று கண்டித்தார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கு வித்திட்டவர்களில் ஒருவர் அவர். அவ்வளவு பெரிய சொல்லறிஞரின் கண்டனத்தையும் தாண்டி அந்தச் சொல் இன்று உலகெங்கும் புழங்குகிறது.

இவற்றைச் சொன்னால் வகுப்பறை விழித்துக்கொள்கிறது. இலக்கணம் முழுவதும் கற்பிக்கச் சொல்லவில்லை. பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: முதல் பருவத்தில் ஐந்து வகுப்புகளை ஒதுக்குங்கள். டிராகன் போர்ப் பகுதியை நல்ல மொழிபெயர்ப்பில் முழுமையாகப் படிக்க வையுங்கள். அருகிலேயே இந்தக் கூட்டுச்சொற்களை மூல வடிவத்தில் கொடுங்கள். கதைச்சுருக்கக் கேள்வியைத் தேர்விலிருந்து எடுத்துவிடுங்கள்.