எங்கிருந்து வந்தோம் என்பதைவிட இங்கே என்ன செய்கிறோம் என்பதே முக்கியம்

செங்காங், ரிவர்வேல் கிரசெண்டில் இருக்கும் அருள்மிகு வேல்முருகன் ஞானமுனீஸ்வரர் ஆலயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

“தம்பி, நீங்க இந்த ஊரா, இந்தியாவா?”

“இந்த ஊர்தான், அங்கிள்.”

“சரி, அப்பா?”

“அப்பா தஞ்சாவூர்ப் பக்கம்.”

“அப்படிச் சொல்லுங்க!”

அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். ஆனாலும் அந்த “அப்படிச் சொல்லுங்க” என் மனத்தில் தங்கிவிட்டது. நான் இங்கே பிறந்தவன். இங்கேயே படித்தவன். தேசிய சேவையை முடித்தவன். 2025 மே 3ஆம் தேதி செங்காங்கில் முதல்முறையாக வாக்களித்தவன். இத்தனையும் சொன்ன பிறகும் என் உண்மையான ஊர் வேறு எங்கோ இருக்கிறது என்று ஒருவருக்குத் தோன்றுகிறது.

அந்தத் தேர்தல் நேரத்தில் புளோக்கின் கீழ்த்தளத்தில் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒருவன் கேட்டான்: “இவ்வளவு பேசுறியே, நீயே ஒருநாள் தேர்தல்ல நிக்கலாமே?” எல்லாரும் சிரித்தோம். வீட்டிற்கு வந்து அதைச் சொன்னேன். அப்பா எதுவும் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னார்: “நமக்கு எதுக்குப்பா அதெல்லாம்? இருக்கிற இடத்துல நல்ல பேரோட இருந்தாப் போதும்.”

குடியேறி வந்த பெற்றோரின் வீடுகளில் வளர்ந்த பலருக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. விருந்தினராக வந்தவர் வீட்டுக்காரரின் விவகாரத்தில் தலையிடக்கூடாது என்ற நாகரிகம் அதில் இருக்கிறது. ஆனால் நான் விருந்தினன் இல்லையே! நான் இந்த வீட்டுப் பிள்ளை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். நாடாளுமன்ற வேட்பாளராக நிற்பவர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும். வயது 21 ஆகியிருக்க வேண்டும். வாக்காளர் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். மொத்தம் பத்து ஆண்டுகளாவது இங்கே வசித்திருக்க வேண்டும். நாடாளுமன்ற நடவடிக்கைகளில் பங்கெடுக்கும் அளவுக்கு நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றிலாவது பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். அந்த நான்கில் தமிழும் ஒன்று. தாய்மொழித் தேர்வுக்காக மட்டும் நாம் படிக்கும் மொழி, நாடாளுமன்றத்துக்குள் நுழையவும் தகுதி தருகிறது! 2025 பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளரும் 13,500 வெள்ளி வைப்புத்தொகை கட்ட வேண்டியிருந்தது. அப்பா எங்கே பிறந்தார் என்ற கேள்வி சட்டத்தில் எங்குமே இல்லை.

அப்படியென்றால் தடை எங்கே இருக்கிறது? நாம் அரசியலைப் பார்க்கும் விதத்திலும் கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1988ல் குழுத்தொகுதி முறை வந்தது. ஒவ்வொரு குழுத்தொகுதியிலும் போட்டியிடும் அணியில் சிறுபான்மை இனத்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். சில தொகுதிகளில் அவர் மலாய்க்காரராகவும், மற்றவற்றில் இந்தியர் அல்லது பிற சிறுபான்மையினராகவும் இருக்க வேண்டும். அதற்கான குழுவிடம் அவர் சான்றிதழும் பெற வேண்டும். சிறுபான்மையினர் இல்லாத நாடாளுமன்றம் அமைந்துவிடக்கூடாது என்பதே நோக்கம். அது நல்ல நோக்கம். ஆனால் அதோடு நமக்கு ஒரு பழக்கமும் வந்துவிட்டது. இந்தியர் ஒருவர் வேட்பாளராக அறிமுகமானால், “இந்தியருக்கான இடம் நிரம்பிவிட்டது” என்று நினைத்துக்கொள்கிறோம்.

செங்காங்கையே எடுத்துக்கொள்வோம். 2020ல் உருவான இந்தக் குழுத்தொகுதிக்கு நான்கு உறுப்பினர்கள். அந்த ஆண்டும் 2025லும் பாட்டாளிக் கட்சி இங்கு வென்றது. இங்கே கட்டாயமாக இருக்க வேண்டிய சிறுபான்மை வேட்பாளர் மலாய்ச் சமூகத்தைச் சேர்ந்தவர். அதனால் இந்தியர் இங்கே நிற்கக்கூடாது என்று பொருள் இல்லை. தாராளமாக நிற்கலாம். ஆனால் ‘இந்தியருக்கான இடம்’ என்ற நாற்காலி இங்கே அவருக்காகக் காத்திருக்காது. ரிவர்வேல், காம்பஸ்வேல், ஆங்கர்வேல், புவாங்கோக் மக்கள் அனைவருக்கும் தம்மால் என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்லித்தான் அவர் நிற்க வேண்டும். அப்படி நிற்பதுதான் உண்மையான பிரதிநிதித்துவம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இது நடக்காத கதையும் இல்லை. குழுத்தொகுதிகள் வருவதற்கு முன்பு தஞ்சோங் பகாருக்கு அருகில் ஆன்சன் என்ற தனித்தொகுதி இருந்தது. 1961 இடைத்தேர்தலில் அங்கே வென்றவர் டேவிட் மார்ஷல். பாக்தாத் யூதக் குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்தவர். சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராக ஏற்கெனவே இருந்தவர். 1979ல் வென்றவர் மலாக்காவில் பிறந்த தேவன் நாயர். அவர் அதிபரானதும் 1981ல் நடந்த இடைத்தேர்தலில் வென்றவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஜே.பி. ஜெயரத்தினம். 1972 முதல் பலமுறை நின்று தோற்ற பிறகே அவருக்கு அந்த வெற்றி கிடைத்தது. யாருக்கும் ஒதுக்கப்படாத ஒரே தொகுதியில், சுமார் இருபது ஆண்டுகளில் குறைந்தது மூன்று சிறுபான்மையினர்! அண்மையில், 2023 அதிபர் தேர்தலும் எந்த இனத்திற்கும் ஒதுக்கப்பட்டதல்ல. அதில் இலங்கைத் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த திரு தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காட்டு வாக்குகளைப் பெற்றார்.

வெளிநாடுகளிலும் இப்படி நடந்திருக்கிறது. கனடாவின் மார்க்கம் நகர மன்றத்திற்கு 2006ல் லோகன் கணபதி தேர்ந்தெடுக்கப்பட்டார். லண்டனில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த உமா குமரன் 2024ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திற்குச் சென்றார்.

அதே நேரத்தில், வேட்பாளரிடம் மக்கள் எதையுமே கேட்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 2011 பொதுத் தேர்தலில் எங்கள் பக்கத்துத் தொகுதியாக இருந்த பாசிர் ரிஸ்-பொங்கோலில் மருத்துவர் ஜனில் புதுச்சேரி மக்கள் செயல் கட்சி வேட்பாளராக நின்றார். மலேசியாவில் பிறந்து 2008ல் சிங்கப்பூர்க் குடிமகனானவர். தேசிய சேவை செய்யாத புதுக் குடிமகன் நம்மைப் பிரதிநிதிக்கலாமா என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது. குழந்தைகளின் உயிரைக் காக்கும் மருத்துவப் பணியைத் தம் பங்களிப்பாக அவர் சுட்டினார். அந்தப் பதிலை ஏற்றவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு.

இரண்டு ஆண்டு சீருடை அணிந்த என் நண்பர்களுக்கு அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஏனென்றால் அது, “இங்கே என்ன செய்தாய்?” என்ற கேள்வி. அதற்கு ஒருவர் உழைப்பால் பதில் சொல்ல முடியும். “எங்கிருந்து வந்தாய்?” என்ற கேள்வி அப்படியல்ல. அதற்கான பதிலை எவ்வளவு உழைத்தாலும் மாற்ற முடியாது. முதல் கேள்வியை எல்லா வேட்பாளர்களிடமும் கேட்போம், மூன்று தலைமுறையாக இங்கிருக்கும் குடும்பத்தில் பிறந்தவரிடமும் சேர்த்து. இரண்டாவதை வைத்து யாரையும் எடைபோட வேண்டாம்.

இதைச் சொல்லும்போது என் தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உயர்நிலை மூன்றில் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த மாணவன் ஒருவன் எங்கள் தமிழ் வகுப்பில் சேர்ந்தான். அவன் பேசும் தமிழைக் கேலி செய்து, “நீ எப்போ ஊருக்குத் திரும்பிப் போவே?” என்று நண்பர்களோடு சேர்ந்து நானும் கேட்டிருக்கிறேன். என் அப்பா வந்த ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில்தான் அவன் ஊர். என்னை இந்த ஊர்க்காரனாகக் காட்டிக்கொள்ள அவனை வெளியூர்க்காரனாக்கினேன். கோயிலில் பெரியவர் என்னிடம் கேட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவன் முகம்தான். நம்மிடம் கேட்கக்கூடாது என்று நாம் நினைக்கும் கேள்வியை, நமக்குப் பின்னால் வந்தவரிடம் நாம் கேட்காமல் இருப்பதுதான் முதல் படி.

அடுத்த படி, நம் புளோக்கிலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் ஒரு காலத்தில் நகராட்சி மன்றம் இருந்தது. 1957 டிசம்பரில் அதன் 32 இடங்களுக்கும் தேர்தல் நடந்தது, மேயரும் இருந்தார். 1959க்குப் பிறகு அதன் பணிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்று நகர மன்றங்களை நடத்துபவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர்கள். எனவே, இங்கே ஒரு தொகுதியில் வெல்பவர் சட்டங்களைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. மின்தூக்கி, தாழ்வார விளக்கு, தண்ணீர்த் தொட்டி, துப்புரவு எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. நாம் மாதந்தோறும் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணத்திற்கும் அவர் கணக்குச் சொல்ல வேண்டும்.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள 21 வயது ஆக வேண்டியதில்லை. நகர மன்றத்தின் ஆண்டறிக்கையை எடுத்துப் படித்துப் பாருங்கள். மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சியில் தொண்டூழியராகச் சேரலாமா என்று உங்கள் தொகுதியில் கேளுங்கள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரியாத ஒரு பாட்டிக்குத் தமிழில் கேட்டு எழுதிக் கொடுக்க ஆள் தேவைப்படலாம். எந்தக் கட்சி என்பது பிறகு வரட்டும். அல்லது வராமலே போகட்டும். எல்லாரும் வேட்பாளராக வேண்டியதில்லை. ஆனால் “நமக்கு எதுக்கு?” என்று எல்லாருமே ஒதுங்கிவிட்டால், நம்மைப் பற்றிய முடிவுகளை எடுக்கும்போது நம் வீட்டு அனுபவம் அந்த மேசையில் இருக்காது.

நாம் பள்ளியில் தினமும் காலையில் சொன்ன தேசிய உறுதிமொழியை 1966ல் எழுதிய எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர். இந்த மண்ணில் பிறக்காத ஒருவர் எழுதிய சொற்களைச் சொல்லித்தான் நாம் எல்லாரும் சிங்கப்பூரர்களாக உறுதியெடுக்கிறோம்.

இதை அம்மாவிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “சரி, முதல்ல நம்ம மாடி மின்தூக்கி அடிக்கடி நிக்குதே, அதுக்கு ஒரு கடிதம் எழுது,” என்றார்.

அன்றிரவே எழுதிவிட்டேன்.